ஆடி அமாவாசைக்குக் காஞ்சனபுரி

ஜூன் 27, 2024

அம்மா இன்றும் அந்த மங்குக் குவளையை எடுத்துத் துடைத்து வைத்தார். அம்மாவின் அப்பா, போர்க்காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குப் போகும்போது வைத்துவிட்டுப் போனது. தாத்தா திரும்பி வரவே இல்லை. நீல விளிம்பில் இன்னும் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. "தேதி முடிவு பண்ணிட்டானா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். தம்பி ஃபோனை எடுக்கவில்லை.

ஜூன் 30

தம்பி மகன் பாங்காக்கிலிருந்து பட்டியல் அனுப்பியிருக்கிறான். ஒரே நாளில் பதினோரு இடம். நக்கோன் பாதோமில் பெரிய சேடி என்கிற பௌத்தத் தூபி, தா முவாங்கில் புலிக்குகைக் கோவில், காஞ்சனபுரி போர்க் கல்லறை, அதன் பக்கத்திலேயே ரயில்பாதை அருங்காட்சியகம், பாலம், ஜீத் அருங்காட்சியகம், சுங்காய் கல்லறை, காவோ பூன் குகைக் கோவில், முவாங் சிங் என்ற பழைய கெமர் கோவில், பாறையை ஒட்டிப் போகும் கிராசே மரப்பாலம், கடைசியில் ஹெல்ஃபயர் பாஸ். இரவு இரண்டு மணிக்கு அனுப்பியிருக்கிறான். பிள்ளை பாட்டிக்காகத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

ஆனால் அம்மாவுக்கு 83 வயது. தண்ணீர் மாத்திரை சாப்பிட்டால் அரை மணிக்கு ஒரு தடவை கழிப்பறை போக வேண்டும். ஹெல்ஃபயர் பாஸ் காஞ்சனபுரியிலிருந்து இன்னும் 80 கிலோமீட்டர் தள்ளி. ரயில்பாதைக்காக இராத்திரியெல்லாம் பந்தம் கொளுத்திப் பாறை உடைத்த இடம். அங்கே இறங்க வேண்டிய படிகளின் படத்தைப் பார்த்தேன். பட்டியலிலிருந்து அதை முதலில் அடித்தேன். முவாங் சிங்கும் கிராசேயும் அதோடு போயின.

மீதி எட்டு. எல்லாவற்றையும் இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்களுக்கென்று இருக்கிற இடம் இதில் ஒன்றுகூட இல்லை.

ஜூலை 2

புலிக்குகைக் கோவிலுக்கு 157 படி. இழுத்துப் போகும் வண்டி ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு வேண்டாமாம்.

ஜூலை 5

தூக்கம் வரவில்லை.

1946-இல் திரும்பி வந்த, தோட்டத்தில் அடுத்த லயத்து வீட்டுப் பெரியவர் ஆயாவிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், சொன்ன ஊர்ப் பெயர் ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. கொன்கொய்த்தா. அம்மா சின்னப் பிள்ளையில் அதைச் சொந்தக்காரர் ஊர்ப் பெயர் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிவாராம். "எங்கப்பா கொன்கொய்த்தாவுல இருக்காரு." வயிற்றுப்போக்கு வந்து படுத்த தாத்தாவை அங்கே விட்டுவிட்டு வந்தேன் என்று மட்டும்தான் அந்தப் பெரியவர் சொன்னார். செத்தார் என்று சொல்லவில்லை. அதனால் ஆயா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. திதி என்று ஒன்று கொடுக்கவும் இல்லை. கொடுத்தால் செத்துவிட்டார் என்று நாமே சொன்னதாகிவிடும் என்பாராம். ஆயா போன பிறகு அம்மாவும் அதைத் தொடவில்லை. இந்த வருஷம்தான், இரத்த அழுத்தம் ஏறி ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்து வந்த பிறகு, "ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குச் செய்யணும், அங்க போய்ச் செய்யணும்" என்று ஆரம்பித்தார்.

நான் அந்த ஊரைத் தேடினேன். இருக்கிறது, பெரியவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சயாம் பக்கமிருந்து வந்த தண்டவாளமும் பர்மா பக்கமிருந்து வந்ததும் 1943 அக்டோபர் 17-இல் சேர்ந்த இடமே அதுதான். 415 கிலோமீட்டர் பாதை வேலை அங்கேதான் முடிந்தது. அதைத் தாத்தா பார்த்தாரா, அதற்கு முன்பே போய்விட்டாரா?

இப்போது அது தண்ணீருக்கு அடியில். 1980-களில் காவோ லேம் அணை கட்டியபோது அந்தப் பக்கத்துப் பாதை மூழ்கிவிட்டது. காஞ்சனபுரியிலிருந்து பல மணி நேரப் பயணம், மலை ரோடு. போனாலும் ஏரிதான் இருக்கும்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 8

கிடைத்தது. வாட் தாவோர்ன். போர்க் கல்லறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் வியட்நாமிய மரபுப் பௌத்தக் கோவில். அந்த வட்டாரத்தில் தோண்டி எடுத்த ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்து மேலே ஒரு கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். இப்போது நம் ஆட்கள் முன்னின்று அங்கே ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். தம்பி மகனுக்கு உடனே எழுதினேன். "அத்தை, எல்லாரும் போற இடம்னு தேடினேன், அதான் வரலை" என்று பதில். அவன்மேல் தப்பில்லை.

போர்க் கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர், ரயில்பாதை வேலையில் செத்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகள். ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, படைப்பிரிவு, வெட்டிவிட்ட புல், ஒரு பூச்செடி. உள்ளே நுழையும் இடத்தில் இந்தியப் படை வீரர்கள் 11 பேரின் பெயரும் இருக்கிறது, அவர்கள் வேறு இடத்தில் அடக்கமானவர்கள். அந்தப் பையன்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, இருபது வயதுப் பிள்ளைகள். கைதிகளில் 12,000 பேருக்கு மேல் போனார்கள். ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் வரை போயிருப்பார்கள் என்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கு மேல் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர். இவர்களுக்கு வரிசையும் இல்லை, ஆளுக்கொரு கல்லும் இல்லை.

ஜூலை 9

ஜீத் என்பது என்ன பெயர் என்று பார்த்தேன். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து. ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள். மலாயாவுக்கு எழுத்து இல்லை, பர்மாவுக்கு இல்லை, இந்தியாவுக்கு இல்லை.

அதையும் அடித்தேன்.

ஜூலை 12

ரயிலா விமானமா என்று இன்று பெரிய பேச்சு. அம்மாவுக்கு ரயில்தான். எல்லையில் பாடாங் பெசாரில் ஏறினால் பாங்காக் போகும் வழியில் பான் பொங்கைத் தாண்டித்தான் போகும். தாத்தாவைச் சரக்குப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோனது அதே தண்டவாளம்தான். பான் பொங்கில்தான் இறக்கிவிட்டார்கள், அதற்குமேல் காட்டுக்குள். மூன்று மாதம்தான், நாளுக்கு ஒரு வெள்ளி, அரிசி, துணி எல்லாம் அங்கேயே கொடுப்பார்கள் என்று கங்காணி சொன்னதால்தான் குவளையைக்கூட வைத்துவிட்டுப் போனார்.

தம்பி கேட்கவில்லை. "அக்கா, ராத்திரி முழுக்க உட்கார்ந்தா கால் வீங்கிடும், டாக்டர் என்ன சொன்னாருன்னு நீயும்தானே கேட்டே." கேட்டேன். பினாங்கிலிருந்து விமானம் என்று முடிவு.

ஜூலை 13

அம்மா இன்று யாரிடமும் பேசவில்லை.

ஜூலை 14

வேன் போகிற சாலையும் பான் பொங் வழியாகத்தான் என்று வரைபடத்தைக் காட்டினேன். அங்கே நிறுத்துவோம் என்று சொன்னேன். பசியாறினார். இரண்டு இடியப்பம்.

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது. அடுத்த பிரச்சினை, எள்ளும் தண்ணீரும் யார் இறைப்பது? தம்பி பேரன் முறை, அவன்தான் செய்ய வேண்டும் என்று அவன் மனைவி வீட்டில் சொல்கிறார்களாம். கோவிலில் கேட்டபோது பூசாரி ஐயாவும் அப்படித்தான் சொன்னார், தன்மையாகத்தான் சொன்னார். அம்மா பாதியிலேயே எழுந்துவிட்டார்.

காரில் வரும்போது: "அவருக்கு நான் ஒருத்திதான். இவன் அவர் மூஞ்சியப் பார்த்தானா? நான் பார்த்திருக்கேன்."

இரண்டு வயதில் பார்த்தது. ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

ஜூலை 21

பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பான் இராணுவமே 1944-இல் எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. பாதை வேலையில் செத்தவர்களுக்கு. பல மொழிகளில் கல்வெட்டு, அதில் தமிழும் உண்டு. அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். காஞ்சனபுரியில் அம்மா படிக்கக்கூடிய பழைய கல் அது ஒன்றுதான் என்று ஆசையாகச் சொன்னேன்.

"கொன்னவன் வச்ச கல்லுல எழுதினத நான் எதுக்குப் படிக்கணும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது தானாகவே, "தமிழ்ல என்ன எழுதியிருக்கானாம்?" என்றார்.

ஜூலை 24

கால் வீக்கம். இரண்டு கணுக்காலும். விரலால் அமுக்கினால் குழி விழுகிறது. மூன்று மணி நேரம் காத்திருந்தோம், பார்த்தது ஐந்து நிமிஷம். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். "பயணமா? பார்த்துக்குங்க." அவ்வளவுதான் பதில். பார்த்துக்கொள்வது என்றால் என்ன? போகலாமா, கூடாதா? அதைக் கேட்கத்தானே வந்தோம்.

ஜூலை 25

மூன்று கிலோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. முகம் தெளிவாக இருக்கிறது.

ஜூலை 27

சொல்லிவிட்டேன்.

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வெற்றிலை, பச்சரிசி, எள், ஒரு கட்டு சுருட்டு என்று பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, "கொன்கொய்த்தாவுல செய்தா நல்லா இருக்கும், என்னைத் தூக்கிட்டாவது போயிடுங்களேன்" என்றார். இதுவரை அப்படிக் கெஞ்சியதே இல்லை. கெஞ்சல் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா, அங்கே ஒன்றும் இல்லை, அணை கட்டி எல்லாம் தண்ணிக்குள்ளே போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.

அழவில்லை. குவளையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். மின்விசிறி சத்தம் மட்டும். அப்புறம் கேட்டார்.

"அந்தத் தண்ணி எங்க போகுது?"

எனக்குத் தெரியவில்லை. நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 28

விடியற்காலையிலிருந்து வரைபடம். இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும், தம்பிக்கும் விளக்க வேண்டும்.

காஞ்சனபுரிக்கு இரண்டு ஆறுகள் வருகின்றன. குவே யாய், அது பெரியது. குவே நோய், அது சின்னது. ஊர் ஓரத்தில் இரண்டும் சேர்ந்து மே குளோங் என்ற பெயரில் கடலுக்குப் போகிறது. எல்லோரும் படம் எடுக்கிற பாலம் குவே யாய் மேல் இருக்கிறது. போருக்கு முன்பு அந்தப் பகுதிக்கும் மே குளோங் என்றுதான் பெயர், 1960-இல்தான் மாற்றினார்கள். ரயில் பாதை பாலத்தைத் தாண்டியதும் குவே நோய்ப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போகிறது. காவோ லேம் அணை கட்டியது அந்தக் குவே நோய் மேல்தான்.

அப்படியென்றால் கொன்கொய்த்தாவை மூடியிருக்கும் தண்ணீர் அணையிலிருந்து இறங்கிக் குவே நோயில் வருகிறது. சுங்காய் கல்லறைக்குப் பக்கத்தில் ஓடி, ஆறுகள் சேருமிடத்துக்கு வந்துவிடுகிறது. நாம் அவரிடம் போக முடியாது. அந்தத் தண்ணீர் நம்மிடம் வருகிறது. நாங்கள் இத்தனை நாள் தலையை உடைத்துக்கொண்டது பாலத்தடி ஆற்றை வைத்து. அது அவருடைய ஆறே இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டு விரலால் தடவிக் காட்டினேன். நீலக் கோட்டின்மேல் அவரும் விரலை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டு வந்தார். சேருமிடத்தில் நிறுத்திக்கொண்டார். "இங்க படி இருக்கா, இறங்க?"

தம்பி மகனைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 29

மத்தியானம் மூன்று தடவை ஃபோனைப் பார்த்தேன். பிள்ளைக்கு வேலை நாள்.

ஜூலை 30

பையன் அங்கே ஒரு தங்கும் விடுதிக்காரரிடம் பேசியிருக்கிறான். சுங்காய்ப் பக்கம் குவே நோய்க் கரையில் ஒரு படித்துறை இருக்கிறது, ஏழு படி, கைப்பிடி உண்டு, படகு கட்டும் இடம். ஏழு படி அம்மாவால் முடியும். நானும் தம்பியும் இரண்டு பக்கம் பிடித்துக்கொள்வோம்.

பட்டியல் இப்போது இவ்வளவுதான்:

காலை ஐந்து மணிக்குப் புறப்படுவது. நக்கோன் பாதோம் சேடியை வேனிலிருந்தே கும்பிட்டுக்கொள்வது, அத்தனை உயரம், தூரத்திலிருந்தே தெரியும். பான் பொங்கில் நிறுத்தம். அங்கிருந்து நேராகக் குவே நோய்க் கரை, வெயில் ஏறுவதற்கு முன்னே. அப்புறம் வாட் தாவோர்ன், நடுகல்லுக்குப் பூ, சுருட்டு, பச்சரிசி. சாப்பாடு, ஓய்வு. அம்மாவுக்குத் தெம்பு இருந்தால் போர்க் கல்லறை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள்தானே, ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வரலாம் என்று அம்மாவே சொன்னார். பாலம் வேண்டாம்.

மாத்திரை நேரம்: அங்கே ஒரு மணி நேரம் பின்னால். இங்கே எட்டு மணி மாத்திரை அங்கே ஏழுக்கு. பெட்டியில் எழுதி ஒட்டியாயிற்று. கரையை முடித்துவிட்டுத்தான் தண்ணீர் மாத்திரை.

இறைப்பது அம்மா. தம்பி ஒத்துக்கொண்டான். "நான் பின்னால நின்னு பிடிச்சுக்கிறேன்க்கா" என்றபோது அவன் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 1

எள்ளை மூன்று பொட்டலமாகக் கட்டினேன், ஒன்று தொலைந்தாலும் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 3, பாங்காக்

வந்து சேர்ந்தோம். கால் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கிறது, போன வாரம் அளவுக்கு இல்லை. சாயங்காலம் சீலோம் மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். தமிழர்கள் கட்டிய கோவில், நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உள்ளே தாய்க்காரர்கள்தான் அதிகம், சாமந்தி மாலையோடு மண்டியிட்டுக் கும்பிடுகிறார்கள். அம்மா கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு படுக்கும்போது, "தூணுல தமிழ்ல எழுதியிருக்கானே, அது வழியிலதானா?" என்றார். வழியில் இல்லை, பாலத்துப் பக்கம் என்றேன். "சரி, பார்ப்போம்." தம்பி மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

குவளையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை. தாத்தாவின் பெயரை எப்படிச் சொல்லிக் கூப்பிடுவார் அம்மா? நான் இதுவரை அவர் வாயால் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. அப்பா என்றுதான் சொல்வார்.

ஆகஸ்ட் 4

விடியற்காலை 3.50. நான் எழுந்தபோது அம்மா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைப் புடவை இல்லை, மாம்பழ மஞ்சள். ஆயாவுக்குப் பிடித்த நிறம்.

6.45. பான் பொங். தண்டவாளத்தை ஒட்டி வேனை நிறுத்தியிருக்கிறோம். அம்மா யாரையும் பிடிக்க விடாமல் இறங்கிவிட்டார். குவளை கையில். நான் குடையை எடுத்துக்கொண்டு போகிறேன்.