தென்னைக்குக் கிளை எங்கே?

நான் உளவளத்துணையாளர் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டிலும் யாராவது ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். “மிஸ், ஒரு மரம் கீறித் தாறன். நான் எப்படிப்பட்ட ஆள் எண்டு பார்த்துச் சொல்லுங்கோவன்.” கைரேகைக்காரரிடம் கையை நீட்டுகிறவர்களின் முகத்தில் இருக்கும் அதே ஆவல். பேஸ்புக்கில் எங்கோ பார்த்திருப்பார்கள்: வேர் பெரிதென்றால் இப்படி, கிளை கூர்மையென்றால் அப்படி. சொல்ல முடியாது என்றால் நம்பமாட்டார்கள். தெரிந்துகொண்டே மறைக்கிறேன் என்றுதான் நினைப்பார்கள்.

இந்த எண்ணம் வானத்திலிருந்து விழவில்லை. சுவிட்சர்லாந்தில் தொழில் வழிகாட்டல் செய்துவந்த எமில் யுக்கர், வேலை தேடி வருகிறவர்களை மரம் வரையச் சொல்லிப் பார்த்தவர். அந்த யோசனையை விரித்து 1949இல் புத்தகமாக எழுதியவர் அதே நாட்டு உளவியலாளர் கார்ல் கொக். அதற்கு ஒரு வருடம் முன்பு, அமெரிக்காவில் ஜோன் பக் என்பவர் வீடு, மரம், மனிதர் என்று மூன்றையும் வரையச் சொல்லும் சோதனையை வெளியிட்டிருந்தார். மனிதரை வரையச் சொன்னால் ஆள் உஷாராகிவிடுவார். மரம்தானே என்றால் கை தளர்ந்துவிடும். வேர் ஊன்றி, தண்டு நிமிர்ந்து, தலை விரித்து நிற்கிற ஒன்றை வரையும்போது, தான் நிற்கிற விதத்தையே ஒருவர் வரைந்துவிடுவார் என்பது அவர்கள் கணக்கு. தாளின் இடது பக்கம் தாயும் கடந்த காலமும், வலது பக்கம் தந்தையும் வருங்காலமும் என்பது கையெழுத்து ஆய்வாளர் மக்ஸ் புல்வரிடமிருந்து கொக் எடுத்துக்கொண்டது.

இன்னொரு சங்கதியும் உண்டு. விட்கென்ஸ்டைன் சுட்டெண் என்று பெயர். தத்துவவாதி விட்கென்ஸ்டைன் அல்ல, இவர் ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர். மரத்தின் மொத்த உயரத்தை வரைந்தவரின் வயதாக வைத்துக்கொண்டு, தண்டில் பொந்தோ வெட்டுக் காயமோ எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்தால், அவருக்கு எந்த வயதில் அடி விழுந்தது என்று தெரியுமாம். அடிமட்டமும் கல்குலேட்டரும் இருந்தால் போதும்.

2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் நடந்த பயிற்சிகளுக்குக் கணக்கில்லை. கொக்கின் புத்தகம் யார் கையிலும் இருந்ததில்லை. அதிலிருந்து யாரோ எடுத்து, யாரோ மொழிபெயர்த்து, போட்டோக் கொப்பிக்குப் போட்டோக் கொப்பியாக மங்கிப்போன ஓர் அட்டவணைதான் எங்கள் கைகளுக்கு வந்தது. இடப்பக்கம் அடையாளம், வலப்பக்கம் பொருள். அதை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள் பலர் இன்னும் களத்தில் இருக்கிறார்கள். அட்டவணைகளுக்கெல்லாம் முன்பே, 1996இல், போர் நடந்துகொண்டிருந்தபோது மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து மண்ணிலும் நிறத்திலும் கதையிலும் விளையாடிய இடம் அது. பிள்ளைகளின் படத்துக்கு மதிப்பெண் போடாமலும் வேலை செய்யலாம் என்பதற்கு எங்கள் ஊரிலேயே முன்மாதிரி இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, மரத்துக்கு வருவோம். கொக் கேட்டது ஒரு பழமரம். சுவிட்சர்லாந்துப் பிள்ளையின் மனதில் வருவது அப்பிள் மரமாக இருக்கலாம்: குட்டைத் தண்டு, பரந்த தலை, நாலா பக்கமும் கிளை. எங்கள் கரையோரப் பிள்ளையிடம் “மரம் ஒன்று கீறுங்கோ மகன்” என்றால் பெரும்பாலும் தென்னைதான் வரும். தென்னைக்குக் கிளை எங்கே? அட்டவணையில் கிளைக்கென்றே அரைப் பக்கம் இருக்கிறது: மற்றவர்களோடு பழகும் விதம், ஆசைகள், கோபம். தென்னை கீறிய பிள்ளைக்கு அந்த அரைப் பக்கமும் வெறுமை. தண்டின் குறுக்கே கோடு கோடாக இருந்தால் காயமாம். மட்டை விழுந்த தழும்பு தென்னையில் அப்படித்தானே இருக்கும்? சாய்ந்த தண்டு, உறுதியின்மையாம். வாவிக்கரைத் தென்னை தண்ணீர்ப் பக்கம் சாய்ந்துதான் வளரும். வேர் முழுக்க வெளியே தெரிந்தால் பிடிமானம் தேடுகிற மனமாம். கண்டல் மரங்களுக்கு நடுவே தோணி கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு வேர் என்றால் வெளியே தெரிவதுதான்.

பிரான்சில் ரெனே ஸ்தோரா என்ற உளவியலாளர் மரம் வரையச் சொல்லும்போது ஊசியிலை மரம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். நியாயம் விளங்குகிறது. நத்தார் வாழ்த்து அட்டையில் பார்த்துப் பழகிய ஒரே அச்சுத்தான் எல்லாத் தாளிலும் வரும். அந்த நியாயத்தின்படி இங்கே “தென்னை வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். நான் சொல்வதில்லை. முதியோர் சங்கம் ஒன்றில் ஒரு அம்மம்மா தலையில்லாத தென்னை ஒன்றைக் கீறி வைத்தார். தண்டு மட்டும், மேலே ஒன்றும் இல்லை. “எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் புறகு எங்கட வளவு இப்பிடித்தான் கிடந்தது” என்றார். 1978 நவம்பர் 23 இரவு அடித்த புயல் அது. அடுத்த ஒரு மணித்தியாலம் அந்த மண்டபத்தில் வேறு பேச்சே இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் வளவில் விழுந்த மரங்களை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். தென்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இது கிடைத்திருக்காது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலை ஒன்றிலிருந்து ஒரு பையனை அனுப்பியிருந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் சொல்கிறேன். வகுப்பில் தூங்கி விழுகிறான், கேட்டால் பதில் இல்லை என்பது முறைப்பாடு. பென்சிலைக் கொடுத்ததும் அவன் தாளைப் படுக்கவசமாகத் திருப்பினான். மரமும் படுத்துத்தான் கிடந்தது. வேர் வானத்தில், தலை தாளின் வலது ஓரத்தில் மோதி நிற்கிறது. பக்கத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று. அதை மட்டும் அழுத்தி அழுத்திக் கீறியதில் தாளின் மறுபக்கம் புடைத்திருந்தது.

அட்டவணைக்காரருக்கு இது விருந்து. விழுந்த மரம், பிடுங்கிய வேர், கருமை, அழுத்தம். நான் கேட்டவை ஜோன் பக்கின் கேள்விகள். அவருடைய சோதனையில் எனக்கு உருப்படியாகப் பட்டது, வரைந்து முடிந்ததும் அவர் கேட்கச் சொல்கிற அந்தக் கேள்விகள்தான்.

“இது என்ன மரம்?”

“தென்னை.”

“உயிரோட இருக்கா?”

“குருத்தைத் தின்னிட்டு மிஸ். இனித் துளிர்க்காது.”

“எத்தனை வயசு இந்த மரத்துக்கு?”

“தங்கச்சி பிறந்த நேரம் வச்சது.”

“படத்தில இப்ப பகலா, இரவா?”

“இரவு.” கொஞ்சம் பொறுத்து, “மழை இல்லை. நிலவும் இல்லை.”

கறுப்பாக இருந்தது யானை. சரி, அப்பா எங்கே என்றேன். தாளின் மேல் மூலையில் நான் கவனிக்காமலே விட்டிருந்த ஒரு சின்னச் சதுரத்தைத் தொட்டான். நாலு கால் வைத்த பரண். வெள்ளாமை கதிர் பொதியும் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டால் அப்பா இரவில் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, காவலுக்குப் போய்விடுவார். வீட்டில் அம்மாவும் தங்கச்சியும் இவனும். யானை வந்து வளவில் தென்னையைத் தள்ளியது அப்படியான ஓர் இரவில்தான். அன்றிலிருந்து அவன் படுத்தபடியே காது கொடுத்துக்கொண்டிருக்கிறான், யானையை விரட்டப் போடும் யானைவெடி கேட்கிறதா என்று. வெடி கேட்டால் பயப்படுவான் என்று நான் நினைத்தேன். அவனுக்கு அது ஆறுதல். “வெடி கேட்டா அப்பா இருக்கிறார் மிஸ். கேக்காட்டித்தான் நித்திரை வராது.”

பிறகு செய்ததெல்லாம் சாதாரண வேலை. அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினோம். அறுவடை முடியும்வரை இரவில் மூன்று பேரும் பெரியம்மா வீட்டில் படுப்பது என்று முடிவானது. பையன் படுக்கப்போகும் முன் பரணிலிருந்து அப்பா ஒரு போன் கோல் எடுப்பார். வகுப்பாசிரியைக்கு விஷயம் விளங்கியதும், முதல் பாடத்தில் அவன் கண் மூடினால் விட்டுவிட ஒத்துக்கொண்டார். அந்தப் படம் அவன் எப்படிப்பட்ட ஆள் என்று எதையும் சொல்லவில்லை. வாய் திறக்காத ஒரு பையனோடு பேச எங்களுக்கு ஒரு பொருள் கிடைத்தது, அவ்வளவுதான். அதுவே என் தொழிலில் பெரிய காரியம். ஆளைப் பற்றிக் கேட்டால் மூடிக்கொள்கிற வாய், மரத்தைப் பற்றிக் கேட்டால் திறக்கும். கொக்கும் பக்கும் பிடித்த நுனி சரியானதுதான். அதிலிருந்து அகராதி போட்டதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

கல்முனைப் பக்கம் ஒரு பயிற்சியில், ஒன்பது வயதுப் பிள்ளையின் படத்தில், மரத்தின் பாதி உயரத்தில், தண்டில் ஒரு பொந்து. பயிற்சிக்கு வந்த ஒருவர் அடிமட்டம் வைத்து அளந்து, நாலரை வயதில் ஏதோ நடந்திருக்கிறது என்று அறிவித்துவிட்டார். உம்மாவிடம் விசாரிக்க வேண்டும் என்றும் பேச்சு எழும்பியது. பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டபோது, “அதுக்குள்ள மைனாக் குஞ்சு இருக்கு” என்றாள். உற்றுப் பார்த்தால் பொந்துக்குள் இரண்டு புள்ளிகள் இருந்தன. கண்கள்!

ஏன் இந்த அட்டவணைகள் இவ்வளவு பொருந்துவது போலத் தோன்றுகின்றன என்பதற்கு 1967இலேயே விடை வந்துவிட்டது. அமெரிக்காவில் லோரன் சப்மன், ஜீன் சப்மன் என்ற இருவர் மனித உருவப் படங்களை எடுத்து, ஒவ்வொன்றோடும் நோய்க்குறிகளை எந்தத் தொடர்பும் இல்லாமல் சேர்த்து மாணவர்களுக்குக் காட்டினார்கள். மாணவர்களோ சந்தேகப் பிராணிகள் கண்ணை விசேஷமாக வரைகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். அனுபவமுள்ள உளவியலாளர்கள் சொல்லிவந்ததும் அதேதான். தாளில் இல்லாத தொடர்பு பார்க்கிறவர் தலைக்குள் ஏற்கனவே இருந்திருக்கிறது. சந்தேகம் என்றால் கண், காயம் என்றால் பொந்து, வெறுமை என்றால் இலை உதிர்ந்த கிளை. கவிதைக்குச் சரி. 2000இல் ஸ்கொட் லிலியன்ஃபெல்டும் இரு சக ஆய்வாளர்களும் இப்படியான சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோதும், படத்திலுள்ள தனித்தனி அடையாளங்களை வைத்து ஆளுமையைச் சொல்வதற்கு ஆதாரம் மிகப் பலவீனம் என்றே முடிவுக்கு வந்தார்கள்.

மேசை, பென்சில், தாள் பற்றி எந்த அட்டவணையும் பேசுவதில்லை. எங்கள் பாடசாலை மேசைகளில் பல வருடப் பெயர்கள் கொம்பாசு நுனியால் செதுக்கியிருக்கும். அதன் மேல் ஒற்றைத் தாளை வைத்துக் கீறினால் யாருடைய கோடும் நடுங்கும். பச்சைப் பென்சில் பக்கத்துப் பிள்ளையிடம் இருந்தால் இலை நீலமாகும். கீழ் மூலையில் குட்டியாக ஒரு மரம் கீறிய பிள்ளையிடம் காரணம் கேட்டேன். “பெரிசாக் கீறினா பேப்பர் முடிஞ்சிடும், தம்பிக்கும் வேணும்.” சுனாமிக்குப் பிந்திய நாட்களில் இன்னொன்றும் நடந்தது. நாவலடிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் யார் யாரோ வந்து படம் கேட்டுப் போனதில், பிள்ளைகள் கெட்டிக்காரராகிவிட்டார்கள். தாளைக் கையில் வாங்கும்போதே, “சுனாமியும் கீறவா மிஸ்?” என்ற கேள்வி வரும். வந்தவருக்கு எது பிடிக்கும் என்று அவர்களுக்கு மனப்பாடம்.

அப்படியென்றால் படத்தில் நான் பார்ப்பது ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. முடிந்த படத்தைவிடக் கீறுகிற கையைப் பார்ப்பேன். எந்த இடத்தில் கை நிற்கிறது, எதை அழித்து அழித்துத் தாளே கிழிகிறது, கீறும்போது வாய்க்குள் என்ன முணுமுணுக்கிறது, முடிந்ததும் என்னிடம் நீட்டுகிறதா, மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கிறதா. ஒரே பிள்ளை மாதக் கணக்கில் கீறியவற்றை வரிசையாக வைத்தால், ஒரு மரத்தில் ஊஞ்சல் வரும், இன்னொன்றில் கீழே ஆட்கள் வருவார்கள். அந்த மாற்றம் பெறுமதியானது. கடும் மனச்சோர்வில் இருக்கிறவர் நாலு கோட்டோடு பென்சிலை வைத்துவிடுவதும் உண்டு. ஆனால் அவர் சோர்ந்திருக்கிறார் என்பது கதிரையில் வந்து உட்கார்ந்தபோதே தெரிந்திருக்கும்.

அண்மையில் ஒரு பாடசாலையில் ஓர் யோசனை சொன்னார்கள். ஆறாம் வகுப்பு முழுவதையும் மரம் கீற வைத்து, பிரச்சினைப் பிள்ளைகளைப் பிரித்தெடுத்துத் தர வேண்டுமாம். ஒரே காலையில் வேலை முடிந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். மாட்டேன் என்றேன். அங்கிருந்தவர்களுக்கு முகம் மாறியது. வேறொருவர் செய்து கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வகுப்பிலிருந்து இப்போது என்னிடம் வருகிற பிள்ளைகளின் கையில் ஒரு துண்டு இருக்கும். “வேர் இல்லை.” “தண்டு மெலிவு.” ஒரு துண்டில் “மரத்தில் முகம்” என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு முகம் வைத்த மரம் கார்ட்டூனில் வருகிறதாம், கதையை முழுவதும் சொன்னாள்.

துண்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு நான் கேட்பது வேறு. இரவில் நித்திரை எப்படி, காலையில் என்ன சாப்பிட்டது, எந்த நாட்களில் பாடசாலைக்கு வருவதில்லை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்குப் பயம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புவதா, 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்குச் சொல்ல வேண்டிய விஷயமா, வகுப்பாசிரியரோடு பேசினால் போதுமா என்பதை இந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். அறிக்கையில் படத்துக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. பிள்ளை தன் மரத்தைப் பற்றிச் சொன்னதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே அதில் எழுதுகிறேன். “பொருள்” என்ற நிரலை வெறுமையாக விட்டு அனுப்புவதால், நிரப்பவில்லையே என்று ஒவ்வொரு காலாண்டும் மேலிருந்து கடிதம் வருகிறது. நானும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.