கிடுகு பின்னப் பழகுகிறோம்

நிலாவெளியில் எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீட்டார் சேர்ந்து பொதுத் தோட்டம் செய்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் அதன் கொட்டிலை வேய வேண்டும். தகரம் போடலாம்தான், ஆனால் வெயிலுக்கு அதன் கீழே இருக்க முடியாது.

பக்கத்து வீட்டு ஆச்சிதான் கிடுகு பின்னக் காட்டித் தந்தார். தென்னோலையை நடு மட்டையோடு நெடுக்காக இரண்டாகப் பிளந்து, சில நாள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஊறாத ஓலை மடிக்கும்போதே வெடிக்கும். கேட்டபோது சுலபமாகத்தான் இருந்தது. கையில் எடுத்தால் எந்த ஓலை மேலே, எது கீழே என்று தடுமாற்றம். என் முதல் மூன்றையும் அவிழ்த்து, “திரும்பப் பின்னு பிள்ளை” என்றார் ஆச்சி. நாலாவது சரிவந்தது. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்ல!

பழைய கூரையின் இற்ற கிடுகு கத்தரிக் கன்றுகளின் அடியில் கிடக்கிறது. மணல் நிலம், ஈரம் காக்க அது நல்லது.

சனிக்கிழமை வேய்கிறோம். வாங்கோ.