தொடாத மருந்துக்கும் எதிர்ப்பு

ஓர் அன்டிபயோட்டிக்கிற்கு நோய் கேட்கவில்லை என்றால் அடுத்ததை எழுதுவதும், அதற்கும் கேட்காவிட்டால் அதைவிட வீரியமானதைத் தேடுவதும் கொழும்பில் நாம் அன்றாடம் காணும் வழக்கம். ஒவ்வொரு புதிய குளிசையையும் ஒரு புதிய தொடக்கமாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் இரண்டாவது மருந்து எதிர்கொள்வது முதல் மருந்து கண்ட அதே கிருமிக் கூட்டத்தை அல்ல. முதல் மருந்துக்குத் தப்பியவற்றையும் அவற்றின் வழித்தோன்றல்களையுமே அது எதிர்கொள்கிறது.

பக்டீரியா மருந்தைக் கண்டு பாடம் படிப்பதில்லை. சாதகமான சூழலில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும் ஈகோலை என்னும் குடல் பக்டீரியா, தன் மரபணுவைப் பிரதியெடுக்கும்போது அவ்வப்போது பிழை விடுகிறது. அவ்வாறு தற்செயலாக மருந்தைத் தாங்கும்படி மாறிய சில, மருந்து வருவதற்கு முன்பே கூட்டத்தில் இருக்கின்றன என்பதை அமெரிக்க மரபியலாளர்களான லெடர்பேர்க் தம்பதியர் 1952ஆம் ஆண்டில் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் அன்டிபயோட்டிக்கைக் கொண்டு காட்டினார்கள். மருந்து மற்றவற்றை அழித்து, இவற்றுக்கு இடத்தையும் உணவையும் விட்டுக்கொடுக்கிறது.

எதிர்ப்பு படிப்படியாக ஏறுவதை 2016இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கண்ணுக்குத் தெரியும்படி செய்தார்கள். 120 சென்றிமீற்றர் நீளமும் 60 சென்றிமீற்றர் அகலமும் கொண்ட தட்டில் ஓரங்களை மருந்தின்றி விட்டு, நடுவை நோக்கி ட்ரைமெதோபிரிம் என்னும் அன்டிபயோட்டிக்கின் செறிவைப் பட்டை பட்டையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வோர் எல்லையிலும் கிருமிகள் தேங்கி நின்றன. பிறகு ஏதோ ஓர் இடத்தில் மாறிய ஒன்று கடந்து சென்று விசிறிபோல் பரவியது. அதன் சந்ததி அடுத்த எல்லையில் முட்டியது. சுமார் 10 நாள்களில் தொடக்கக் கிருமிகளைக் கொன்ற அளவைப்போல் 1,000 மடங்கு செறிவைத் தாங்குபவை உருவாகிவிட்டன. இடைப்பட்ட செறிவுகள் இல்லாமல் நேரடியாக உச்சச் செறிவுக்கு அவற்றால் தாவ முடியவில்லை என்பதே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

வெள்ளவத்தையில் இருக்கும் என் சித்திக்குச் சிறுநீர்த்தொற்று திரும்பத் திரும்ப வந்தபோது, கிருமியை வளர்த்து அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் அறிக்கையில் அவர் குடித்த மருந்துகளோடு, ஒருபோதும் குடிக்காத மருந்து ஒன்றுக்கும் எதிர்ப்பு என்று இருந்தது. "நான் தொடாத மருந்துக்கும் இது எப்படி வந்தது, பிள்ளை?" என்று கேட்டார். அவருடைய கேள்விக்கான விடையை 1950களின் ஜப்பானிய வயிற்றுளைவு நோயாளிகளிடமே விஞ்ஞானிகள் முதலில் கண்டார்கள். சல்ஃபோனமைட், ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்பெனிக்கோல், டெட்ராசைக்கிளின் ஆகிய நான்குக்கும் ஒருசேர அடங்காத ஷிகெல்லா என்னும் வயிற்றுளைவு பக்டீரியா அங்கே பரவியது. அந்த எதிர்ப்பு முழுவதும் ஒரே தொகுப்பாக ஈகோலைக்கும் ஷிகெல்லாவுக்கும் இடையில் கைமாறுகிறது என்பது 1959இல் தெரியவந்தது. பிளாஸ்மிட் என்னும் சிறு டீஎன்ஏ வளையத்தில் பல எதிர்ப்பு மரபணுக்கள் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதால், அவற்றில் ஒன்றுக்குரிய மருந்தை நாம் குடித்தாலும் வளையம் முழுவதும் பிழைத்துக்கொள்கிறது.

சிறுநீர்த்தொற்றை உண்டாக்கும் ஈகோலை பெரும்பாலும் நம் குடலிலிருந்தே வருகிறது. ஆகவே தொண்டைக்கென்றோ பல்லுக்கென்றோ குடித்த மருந்தும், வைரஸால் வந்த தடிமனுக்குத் தேவையின்றிக் குடித்த அமொக்சிசிலினும் அங்கே எதிர்ப்புள்ளவற்றை மட்டும் தப்பவிட்டே போகின்றன. தொற்று மீண்டும் மீண்டும் வருபவர்கள் முதல் குளிசையை விழுங்குவதற்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுக்க வேண்டும், பழைய அறிக்கைகளையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதுவரை பொறுக்கலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

சித்திக்கு அந்த அறிக்கை நைட்ரோஃபியூரன்டொயின் என்ற பழைய மருந்தைக் காட்டிக் கொடுத்தது. அதைச் செயல்படும் நிலைக்கு மாற்றுவது பக்டீரியாவின் சொந்த நொதிகளே. அவ்வாறு உருவாகும் பொருள் ஒரே நேரத்தில் கலத்தின் பல பகுதிகளைத் தாக்குகிறது. தப்ப வேண்டுமானால் ஈகோலையில் அந்த நொதிகளுக்குரிய இரண்டு மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதடைய வேண்டும். அதனால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதற்கு எதிர்ப்பு மெதுவாகவே வளர்கிறது.