கூரியர் வராத ஊர்

"தபால்காரங்க ஸ்ட்ரைக் பண்ணினா யாருக்கு என்ன நஷ்டம்? பேசாம தனியாருக்குக் கொடுத்துடலாம்" என்றார் டீக்கடையில் ஒருவர்.

எதிர்த் திண்ணையில் எங்கள் ஊர் தபால்காரர் ஒரு பாட்டியின் கட்டைவிரலைத் துணியால் துடைத்துத் துடைத்துக் கைரேகைக் கருவியில் வைத்துக்கொண்டிருந்தார். களை பறித்தே தேய்ந்துபோன ரேகை. ஒருவழியாகப் பதிந்தது. முதியோர் பணம் கைக்கு வந்தது.

அவர் கிராமிய அஞ்சல் ஊழியர். எவ்வளவு அலைந்தாலும் கணக்கில் நாலைந்து மணி நேர வேலைதான். 2018 மே 22 தொடங்கி இரண்டு வாரம் நாடு முழுக்க இவர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் சம்பள உயர்வுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இவர்கள் சம்பளத்தை ஆராய அரசே அமைத்த கமலேஷ் சந்திரா குழுவின் அறிக்கை அதற்கு முன்பே அரசின் கைக்கு வந்தாயிற்று!

தனியார் வரட்டும், சரி. ஆனால் கூரியர்காரர் இன்னமும் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டு "வந்து வாங்கிக்கங்க" என்கிறார். பாட்டியிடம் போனே கிடையாது.