தீவுக்குள் ஒரு தீவு: டாஸ்மேனியா நாட்குறிப்பு

டிசம்பர் 23, 2023, சனி. ஹோபார்ட்

மெல்பனில் விமானம் ஏறி ஒன்றேகால் மணி நேரத்தில் ஹோபார்ட்டில் இறங்கினோம். உள்நாட்டுப் பயணம்தானே, சோதனை ஏதும் இருக்காது என்று எண்ணி வருபவர்களை இந்த மாநிலம் வாசலிலேயே நிறுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் பிற பகுதிகளிலிருந்துகூடப் பழமோ காய்கறியோ உள்ளே கொண்டுவரக் கூடாது. பெட்டிகள் வந்து சேரும் இடத்தில் மோப்ப நாய் ஒன்று பை பையாக முகர்ந்துகொண்டே நடந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், நாய் வருவதற்கு முன்பே தம்முடைய ஆப்பிளை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டார்.

நண்பரின் வீடு நகரத்துக்கு மேலே, 1,271 மீட்டர் உயரமுள்ள வெலிங்டன் மலையின் அடிவாரத்தில், ஃபெர்ன் ட்ரீ என்னும் பகுதியில் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருந்ததால் குழந்தைகளுக்கு உறக்கம் வரவில்லை. அவர்களைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துச் சென்ற நண்பர், படியில் அமர்ந்து சற்று நேரம் பேசாமலிருக்கச் சொன்னார். புதர் விளிம்பிலிருந்து உருண்டையான உடலும் குட்டையான வாலும் கொண்ட பேடிமெலன்கள் ஒவ்வொன்றாகப் புல்லுக்கு வந்தன. கங்காருவின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் சிறு விலங்கு ஒரு காலத்தில் பெருநிலப்பரப்பின் தென்கிழக்கிலும் வாழ்ந்தது. காடழிப்பாலும், ஐரோப்பியர் கொண்டுவந்துவிட்ட நரிகளாலும் அங்கே அடியோடு அழிந்தது. டாஸ்மேனியாவில் நரி நிலைகொள்ளவில்லை. டிங்கோ நாய்கள் ஆஸ்திரேலியாவை அடைவதற்கு வெகு காலம் முன்பே, சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடல்மட்டம் உயர்ந்து இந்தத் தீவைப் பிரித்துவிட்டதால் அவையும் இங்கே வரவில்லை. நாங்கள் பார்க்க வந்திருப்பவற்றில் பாதி உயிர்களை அந்தக் கடல்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது.

டிசம்பர் 25, திங்கள். ஹோபார்ட்

கிறிஸ்துமஸ் காலை, ஊர் அடங்கிக் கிடந்தது. நகரின் நடுவே ஓடும் ஹோபார்ட் ரிவ்யுலெட் என்னும் ஓடையில் வாத்துபோல் அலகு கொண்ட பிளாட்டிபஸ் உண்டு என்று நண்பர் சொன்னபோது நான் முழுமையாக நம்பவில்லை. காஸ்கேட் மதுவாலையிலிருந்து இறங்கும் நடைபாதையில், இரண்டு ஆள் அகலம்கூட இல்லாத நீரோட்டத்தை அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் குமிழிகள் தெரிந்தன. பிறகு பழுப்பு நிற முதுகு ஒன்று மேலெழுந்து, சில நொடிகள் மிதந்து, மீண்டும் மூழ்கியது. எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியது, வால் உட்பட ஏறத்தாழ அரை மீட்டர் இருக்கலாம்.

நீருக்குள் இது கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொண்டுதான் இரை தேடுகிறது. புழுவோ இறாலோ தசையை அசைக்கும்போது எழும் மின்சாரத்தின் துளி அளவைக்கூட அதன் அலகு உணர்ந்துவிடும். 1799 இல் பதப்படுத்தப்பட்ட உடலொன்றைப் பிரிட்டனில் ஆராய்ந்த ஜார்ஜ் ஷா, யாரோ வாத்தின் அலகை வேறொரு விலங்கோடு ஒட்டியிருக்கக் கூடும் என்று ஐயுற்றாராம். உயிரோடு நேரில் பார்த்த பிறகும் அந்த ஐயம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆணின் பின்னங்காலில் நச்சு முள் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட இளையவன், மாலை முழுவதும் குதிகாலால் அக்காளை உதைத்துக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 26, செவ்வாய். புரூனி தீவு

கெட்டரிங்கிலிருந்து காரோடு படகேறி இருபது நிமிடத்தில் புரூனியை அடைந்தோம். தீவின் வடபாதியையும் தென்பாதியையும் இணைக்கும் ஒடுங்கிய மணல்திட்டுக்கு நெக் என்று பெயர். இருட்டிய பின் அங்கே பெங்குவின்கள் கரையேறும் என்பதால் இரவு அட்வெஞ்சர் பே பகுதியிலேயே தங்க ஏற்பாடு செய்திருந்தோம். வெள்ளை ஒளி அவற்றின் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே நண்பரின் மனைவி கைவிளக்குகளுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாளை முன்கூட்டியே சுற்றி வைத்திருந்தார்.

ஒன்பதரைக்குப் பிறகு, நுரைக்கும் மணலுக்கும் இடையில் கருமையான சிறு திரள் ஒன்று தோன்றித் தயங்கி நின்றது. முப்பது சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் உயரமும் ஒரு கிலோ எடையும் கொண்ட, உலகிலேயே மிகச் சிறிய பெங்குவின் இது. ஒன்று முதலில் கிளம்ப, மற்றவை மொத்தமாக ஓடிப் பலகைப் பாதைக்குக் கீழே நுழைந்து வளைகளுக்குள் மறைந்தன; அவ்வளவு சிறிய உடலிலிருந்து எழுந்த கூச்சலைக் கேட்டுக் குழந்தைகள் திடுக்கிட்டார்கள். அதே திட்டில் ஷியர்வாட்டர் பறவைகளும் வந்திறங்கிக்கொண்டிருந்தன. ஆண்டுதோறும் அலாஸ்காவை ஒட்டிய கடல் வரை, ஒரு வழிக்கே ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் பறந்து போய்த் திரும்பும் இப்பறவைகள், தரையில் இறங்குவதில் மட்டும் தேர்ச்சி பெறவில்லை. ஒன்று என் மனைவியின் தோளை உரசிப் புதரில் குப்புற விழுந்து, ஒன்றும் நடவாததுபோல் எழுந்து போயிற்று.

டிசம்பர் 27, புதன்

காலையில், சிறிய கங்காரு போன்ற வாலபிகளில் வெள்ளை நிறத்தவற்றைத் தேடிப் போனோம். சாதாரண பெனட் வாலபிதான்; அரிதான மரபணு மாற்றத்தால் வெளுத்திருக்கிறது. எல்லாரும் அதையே படம்பிடித்துக்கொண்டிருக்க, எனக்குப் பிடித்தது சாலையோரத்தில் எறும்புக்காக மண்ணைத் தோண்டிய, முள்ளுடல் கொண்ட எகிட்னா. எங்களைக் கண்டதும் அது ஓடவில்லை; நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் நேர்க்குத்தாக இறங்கி, முட்கள் மட்டும் வெளியே தெரியும்படி அமர்ந்துகொண்டது. மாலையில் ஹோபார்ட் திரும்பினோம்.

டிசம்பர் 28, வியாழன். மரையா தீவு

இந்தப் பயணத்தில் நான் நீளமாக எழுத வேண்டிய நாள் இதுதான். ட்ரையபன்னா துறையிலிருந்து படகில் போகும் இந்தத் தீவில் கடையும் இல்லை, பார்வையாளர்களின் வாகனத்துக்கு அனுமதியும் இல்லை. உணவைச் சுமந்து போய்க் குப்பையைச் சுமந்து திரும்ப வேண்டும். படகுத்துறையில் வருகையாளர் ஏற்க வேண்டிய உறுதிமொழி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. வளை தோண்டி வாழும் பைவிலங்கான வொம்பாட்டைச் செல்ஃபி குச்சியோடு துரத்த மாட்டேன், சூழ்ந்து நிற்க மாட்டேன், தூக்க முயல மாட்டேன் என்பதுதான் அதன் சாரம். மூத்த மகள் அதை உரக்கப் படித்துத் தம்பியிடம் சத்தியம் வாங்கினாள்.

டார்லிங்டனில் கைதிகளைக் குடிவைத்திருந்த பழைய கட்டடங்கள் நிற்கின்றன. 2010 இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. எங்கள் வீட்டாருக்கு அந்தச் சுவர்களைவிட அவற்றுக்கு முன்னால் மேய்ந்தவையே முக்கியம். உறுதிமொழியை நாங்கள் காப்பாற்றினாலும் வொம்பாட்டுக்கு அப்படிக் கட்டுப்பாடு ஏதுமில்லை. மேய்ந்தபடியே வந்து இளையவனின் காலணிக்கு ஓரடி தள்ளிப் புல்லைக் கடித்தது. தோண்டும்போது மண் புகாதிருக்க அதன் பை பின்பக்கமாகத் திறந்திருக்கிறது. அவனை ஆட்கொண்டதோ அதன் சாணம். கனசதுரமாக, பாறைகளின் மேல் அடையாளம்போல் வைக்கப்பட்டிருந்தது. குடலின் சுவர் ஓரிடத்தில் விறைப்பாகவும் ஓரிடத்தில் நெகிழ்வாகவும் இருப்பதே இந்த வடிவத்துக்குக் காரணம் என்று கண்டறிந்த ஆய்வாளர்களுக்கு 2019 இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது.

பாதையில் கறுத்த பாம்பு ஒன்று குறுக்கே போனது. டாஸ்மேனியாவில் உள்ள மூன்று வகைப் பாம்புகளும் நஞ்சுள்ளவை, மூன்றுக்கும் ஒரே நச்சுமுறி மருந்து போதும் என்று நண்பர் சொன்னார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார்.

இங்கே கண்ட வொம்பாட்டும் ஃபாரஸ்டர் கங்காருவும் கேப் பேரன் வாத்தும் இந்தத் தீவில் தாமாகத் தோன்றியவை அல்ல. அருகிவரும் உயிர்களுக்குப் புகலிடமாக இருக்கட்டும் என்று, 1960களின் பிற்பகுதி தொடங்கி மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. அந்த வரிசையில் கடைசியாக வந்தது, இறைச்சி தின்னும் பைவிலங்கான டாஸ்மேனியன் டெவில். 1996 இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட, கடிப்பதன் மூலம் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் முகப் புற்றுநோய் அவ்விலங்கைப் பெருமளவில் அழித்துவிட்டது. நோயற்ற கூட்டம் ஒன்றையாவது தனியே காத்துவைக்க வேண்டும் என்று 2012 இல் டெவில்களை இங்கே விட்டார்கள். அவை பெருகின. அதே சமயம், தீவில் இருந்த ஏறத்தாழ 3,000 இணை பெங்குவின்கள் இல்லாமல் போயின. நேற்று முன்தினம் இரவு பார்த்த அதே சிறிய பெங்குவின்.

திரும்பும் படகில் இதைப் பற்றி நண்பருக்கும் அவருடைய மனைவிக்கும் விவாதம் மூண்டது. பெங்குவின் தென் ஆஸ்திரேலியக் கரை முழுவதும், நியூசிலாந்திலும் இருக்கிறது. டெவில் இயற்கையாக டாஸ்மேனியாவில் மட்டும்தான் எஞ்சியிருக்கிறது. அன்றைய நிலையில் வேறு வழி என்ன என்பது அவர் கட்சி. கடற்பறவைகளுக்குக் கேடு வரும் என்று 2011 இல் அரசின் அறிக்கையே எதிர்பார்த்திருந்தது. தெரிந்த பிறகும் அந்தக் குடியிருப்புகளைக் காக்க என்ன செய்தார்கள் என்பது அவர் மனைவியின் கேள்வி. என் மனம் இரண்டாவது பக்கமே சாய்கிறது. டெவில்களை விட்டதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். இழப்பை முன்கூட்டியே கணக்கில் எழுதிவிட்டு அப்படியே விட்டதுதான் உறுத்துகிறது. "அத்தை, பெங்குவின்களை வேறு தீவுக்குக் கொண்டுபோயிருக்கலாமே?" என்றாள் மகள். பெரியவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்தோம்.

வழியிலேயே அந்தி மயங்கிவிட்டது. நண்பர் வேகத்தை 65க்கு இறக்கிவிட்டார். அந்தி முதல் விடியல் வரை இங்கே அதுதான் பாதுகாப்பு. ஆர்ஃபர்டைத் தாண்டியதும் சாலையில் பேடிமெலன் ஒன்று அடிபட்டுக் கிடந்தது. அவர் காரை ஓரம்கட்டி, கையுறை அணிந்து, பெண்தானா என்று பார்த்துப் பைக்குள் மெல்லத் தடவினார். குட்டி இல்லை. இருந்திருந்தால், காம்பைக் கவ்வியிருக்கும் குட்டியை இழுத்துப் பிரிக்காமல் மீட்புக் குழுவை அழைக்க வேண்டுமாம். பிறகு உடலைச் சாலையிலிருந்து வெகுதூரம் இழுத்துப் போட்டார். சடலத்தைத் தின்ன வரும் டெவில்களும் அதே இடத்தில் அடிபட்டுச் சாகும் என்பதால் இந்த வேலையை விடவே கூடாது என்றார்.

டிசம்பர் 30, சனி. ஹோபார்ட்

மழை. டாஸ்மேனிய அருங்காட்சியகத்தில் அழிந்துபோன தைலசின் விலங்கின் கூடத்துக்கு மட்டும் போனோம். ஆடுகளைக் கொல்கிறது என்று குற்றஞ்சாட்டி, முதுகில் வரிகள் கொண்ட இந்த வேட்டை விலங்கின் தலைக்கு 1888 முதல் 1909 வரை அரசே ஒரு பவுண்டு வீதம் கொடுத்தது. சட்டப் பாதுகாப்பு 1936 ஜூலையில் வந்தது. கடைசி விலங்கு அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. அதன் தோலும் எலும்பும் எங்கே போயின என்று பல்லாண்டுகளாகத் தெரியாதிருந்து, இதே அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில்தான் இருக்கின்றன என்று 2022 இல் அறிவித்தார்கள்.

டிசம்பர் 31, ஞாயிறு

பிரைட்டனில் உள்ள போனோராங் காப்பகத்தில் ஒருவழியாக டெவிலை அருகிலிருந்து பார்த்தோம். இறைச்சித் துண்டை எலும்போடும் மயிரோடும் சேர்த்து நொறுக்கும் ஓசை வேலிக்கு அப்பாலும் கேட்டது. தாய்க்கு நான்கு காம்புகள் மட்டுமே; அரிசி அளவில் இருபதுக்கும் மேற்பட்ட குட்டிகள் பிறக்கின்றன; முதலில் வந்து கவ்வுபவை மட்டும் பிழைக்கின்றன. இளையவன் இதைக் கேட்டு முகம் வாடினான்.

இந்தக் காப்பகம் தன்னார்வலர்களுக்கு விலங்கு மீட்புப் பயிற்சி அளிக்கிறது. நண்பரின் மனைவி அங்கேயே விவரம் கேட்டுக்கொண்டார். காரில் கையுறையோடு ஒரு தலையணை உறையும் பழைய துண்டும் வைத்திருக்கப் போவதாகச் சொன்னார். நாளை மறுநாள் எங்களுக்கு விமானம். முதல் குட்டி கிடைத்ததும் படம் அனுப்ப வேண்டும் என்று மகள் அத்தையிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.