பி.எட். முடித்ததை எஸ்.ஆரில் ஏற்ற நான் பட்ட பாடு

பி.எட். சான்றிதழ் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருக்கும், தொடக்க வகுப்பு எடுக்கும் இடைநிலை ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். படிப்பு என்னைப் பெரிதாகச் சிரமப்படுத்தவில்லை. படித்ததை எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேட்டில் ஏற்றுவதற்குள்தான் போதும் போதும் என்று ஆகிவிட்டது. போன வாரம்தான் அந்தப் பதிவைக் கண்ணால் பார்த்தேன். நிம்மதி வந்துவிட்டது, ஆனால் கோபம் இன்னும் அடங்கவில்லை.

நான் வேலை பார்ப்பது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஈராசிரியர் பள்ளி. பயிற்சி பெற்று ஏற்கெனவே பணியில் இருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தொலைநிலையில் பி.எட். சேர, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) விதிகளில் இடம் இருக்கிறது. இரண்டு வருடப் படிப்பு, ஐந்து வருடத்துக்குள் முடித்துவிட வேண்டும். சேரும் முன்பே துறையிடம் முன் அனுமதி கேட்டேன், ஆணை வந்தது. தொடர்பு வகுப்பு, ஒப்படைப்பு, தேர்வு எல்லாம் ஒழுங்காக முடிந்தன.

"ஊக்க ஊதியமே இல்லையே டீச்சர், எதுக்கு இந்த வயசுல படிக்கிறீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வை 10.3.2020 தேதியிட்ட அரசாணை நிறுத்திவிட்டது உண்மைதான். அந்த ஆணை தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் படிக்கும் ஆர்வத்தை மிகவும் குறைத்துவிட்டது என்பது என் கருத்து. ஆனாலும் படித்தது வீண் போகவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருநூற்று நான்கை 2004 என்று எழுதுவான். ஏன் அப்படி எழுதுகிறான் என்று அவனிடமே சொல்லச் சொல்லிக் கேட்கும் பழக்கம் எனக்கு அந்தப் படிப்பில்தான் வந்தது. காதில் விழுந்தபடியே 200 எழுதி, பக்கத்தில் 4 போடுகிறான். 200 என்ற அட்டையின் கடைசிப் பூஜ்யத்தின் மேல் 4 என்ற அட்டையை வைத்துக் காட்டியதும் பளிச்சென்று புரிந்துகொண்டான். அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில், அரும்பு என்ற முதல் நிலையிலேயே நிற்கும் பிள்ளைகளை இப்போது நான் பார்க்கும் விதமே வேறு.

சரி, அலுவலகக் கதைக்கு வருகிறேன். எஸ்.ஆரில் ஏற்ற இரண்டு தாள்கள் கேட்டார்கள்: முன் அனுமதி ஆணை, பட்டத்தின் உண்மைத்தன்மைச் சான்று. சான்றைப் பல்கலைக்கழகம் நம்மிடம் தராது, அலுவலகத்துக்கே நேரடியாக அனுப்பும். இங்கேதான் மாட்டிக்கொண்டேன். 2018இல் மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பணியிடங்களை எடுத்துவிட்டு, எங்கள் பள்ளிகளை மாவட்டக் கல்வி அலுவலரின் கீழ் கொண்டுவந்தார்கள். 2022இல் தொடக்கக் கல்விக்கு மறுபடியும் தனியாக மாவட்டக் கல்வி அலுவலர் வந்தார். என் அனுமதி ஆணை இந்த இரண்டு மாற்றங்களுக்கும் நடுவில் வாங்கியது. பட்டம் வந்தது இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு.

புதிய அலுவலகத்தில் கேட்டால், "எங்களுக்கு வந்த கோப்புப் பட்டியல்ல உங்க பேரே இல்லையே டீச்சர்" என்றார் பிரிவு எழுத்தர். பழைய அலுவலகத்தில், "தொடக்கக் கல்விக் கோப்பு எல்லாத்தையும் அனுப்பியாச்சும்மா, அங்கேயே கேளுங்க" என்றார்கள். சான்று வந்ததா என்று கேட்டால் இரண்டு இடத்திலும் "வரலை" என்ற ஒரே பதில். பீரோவைத் திறந்து பார்க்க ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அதற்குள் பதவி உயர்வு முன்னுரிமைப் பட்டியலுக்குக் கணக்கில் எடுக்கும் ஜனவரி 1 போய்விட்டது, அந்த வருடப் பட்டியலில் என் பெயர் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஓய்வுபெற்ற எங்கள் பழைய தலைமை ஆசிரியர்தான் வழி சொன்னார். "வந்துச்சான்னு கேக்காதீங்கம்மா. என்னைக்கு அனுப்பினாங்கன்னு பல்கலைக்கழகத்துல கேளுங்க" என்றார். அங்கே தொலைபேசியில் பேசியவர் பொறுமையாகத் தேடி, அனுப்புகை எண், தேதி, விரைவு அஞ்சல் எண் எல்லாம் சொன்னார். அஞ்சல் துறை இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டதும், பழைய அலுவலக முகவரியில் தபால் பட்டுவாடா ஆன தேதி வந்து நின்றது. அதை அச்செடுத்து, மனுவோடு சேர்த்துக் குறைதீர் நாளில் அலுவலரிடமே நேரில் கொடுத்தேன். அவர் அங்கேயே பழைய அலுவலகத்துக்குப் போன் போட்டார். அன்று சாயங்காலமே உயர்நிலைப் பள்ளித் தபால் கட்டுக்குள்ளிருந்து என் சான்று கிடைத்தது. கூடவே என் கோப்பும்!

அப்புறமும் கவனமாக இருங்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பதிவு போட்டபோது உண்மைத்தன்மைக் கடிதத்தின் எண்ணை விட்டிருந்தார்கள். அங்கேயே நின்று எழுத வைத்தேன். தேர்ச்சி பெற்ற மாதம், அனுமதி ஆணையின் ந.க.எண் (கோப்பு எண்), உண்மைத்தன்மைக் கடிதத்தின் எண், அலுவலர் கையெழுத்து நான்கையும் சரிபார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர் விவரங்கள் இருக்கும் 'களஞ்சியம்' செயலியில் உங்கள் கல்வித் தகுதி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சான்றுக்கு எழுதும்போதே, பதில் எந்த அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று இன்றைய முகவரியை முழுதாகக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுக்கு பி.எட். மட்டும் போதாது, ஆசிரியர் தகுதித் தேர்வும் (டெட்) வேண்டும். 1.9.2025 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, ஓய்வுபெற ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் வேலையில் நீடிக்கவே இரண்டு வருடத்துக்குள் அதில் தேறியாக வேண்டும். எனக்கு இன்னும் பல வருடம் இருக்கிறது, பட்டதாரி ஆசிரியருக்கான டெட் தாள் 2க்கு உட்கார்ந்து படிக்கிறேன். நீங்களும் படிப்பீர்கள், தெரியும். ஆனால் 2018க்கும் 2022க்கும் நடுவில் உயர்கல்வி அனுமதி வாங்கியவராக இருந்தால், முதலில் உங்கள் கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று இந்த வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள். அடுத்த ஜனவரி 1க்குள் அது எஸ்.ஆரில் ஏறியிருக்க வேண்டும்.