பிச்சாட்டூர் அணையும் கதவு பீடிங்கும்

சத்தியவேடு பக்கம் கார் கதவுக்கு பீடிங் செய்யும் கம்பெனியில் ஆறு வருடம் டிஸ்பாட்ச் பார்த்தேன். கதவிடுக்கில் தண்ணீரும் தூசியும் நுழையாமல் தடுக்கும் கறுப்பு ரப்பர்தான் பீடிங். கம்பெனி இருப்பது ஆந்திராவில் என்றாலும் ஷெட்டுக்குள் பாதிப் பேர் பேசுவது தமிழ். சரக்கு ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் ஆலைக்குப் போகும்.

அங்கே எங்கள் சரக்கு நாலு மணி நேரத்துக்குத்தான் இருக்கும். ட்ராலி காலியானால் அதில் தொங்கும் கான்பன் அட்டை திரும்பி வரும். அட்டை வந்தால்தான் அடுத்த லோடு. கூடுதலாக அனுப்பினால் கேட்டிலேயே திருப்பிவிடுவார்கள். டொயோட்டா வளர்த்த முறை இது. எங்கள் அட்டை மஞ்சள், ஓரமெல்லாம் கிரீஸ். ஒன்றில் மட்டும் யாரோ பேனாவால் பிள்ளையார் சுழி போட்டிருந்தார்கள். அந்த அட்டை வந்தால் அன்றைக்கு வண்டி லேட் ஆகாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

2015 மழைக்காலத்தில் அந்த நம்பிக்கையும் போனது. அப்போதெல்லாம் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணி ஆறு பெருகி ஊத்துக்கோட்டை தரைப்பாலம் மூழ்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். உற்பத்தித் திட்டம் போட்டவர்களுக்குத்தான் தெரியவில்லை. டிரைவர் அண்ணன் போன் செய்தார்: “தம்பி, பாலத்து மேல தண்ணி ஓடுது. போலீஸ் விடமாட்டேங்கிறாங்க.” கவரப்பேட்டை, செங்குன்றம், பூந்தமல்லி என்று சுற்றிப் போகச் சொன்னேன். அதற்குள் ஆலையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு போன்: “வண்டி எங்க சார்?” எங்கே என்று சொல்ல? செங்குன்றத்தில் முட்டளவு தண்ணீரில் நின்றது.

லைனை நிறுத்தினால் நஷ்டம் என்று பீடிங் இல்லாமலே கார்களை இறக்கி யார்டில் நிறுத்திவிட்டார்கள். கொட்டுகிற மழையில், மழையைத் தடுக்கும் ரப்பர் மட்டும் இல்லாத புத்தம்புது கார்கள்! மேலே தார்ப்பாய். எங்கள் பையன்கள் பத்துப் பேர் போய், முட்டி போட்டு, ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு கதவாகத் தட்டி ஏற்றினார்கள். அப்புறம்தான் ஷவர் டெஸ்ட், அதாவது தண்ணீர் பீய்ச்சி ஒழுகுகிறதா என்று பார்ப்பது. பையன்கள் கூலி, சாப்பாடு, நஷ்டத்தை எங்கள் பில்லில் கழிக்க ஆலை அனுப்பிய டெபிட் நோட் எல்லாம் எங்கள் தலையில்.

1997 பிப்ரவரியில் ஜப்பானில் ஐசின் ஆலை தீப்பிடித்து, ஒரு சின்ன பிரேக் வால்வு இல்லாமல் டொயோட்டாவே நின்றதையும், மற்ற சப்ளையர்கள் கைகொடுத்துச் சில நாளில் கிளப்பிவிட்டதையும் ட்ரெயினிங்கில் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்குக் கைகொடுக்க யார் இருந்தார்கள்? அந்த பீடிங்குக்கு நாங்கள் ஒருவர்தான் சப்ளையர்.

அடுத்த மாதமே ஸ்ரீபெரும்புதூரில் ஒரு குடோன் பிடித்து இரண்டு நாள் சரக்கை அடுக்கினோம். ஆலையின் கணக்கில் இருப்பு அதே நாலு மணி நேரம்தான். மீதி எங்கள் கணக்கில். முதல் லோடு இறக்கிய டிரைவர் அண்ணன், “இதை முன்னாடியே எடுத்திருக்கலாமே தம்பி” என்றார். விலை பேசிய காகிதத்தில் குடோன் வாடகை என்று ஒரு வரியே கிடையாது என்றேன். “அணை இருந்துச்சா?” என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.